ஒட்டிவிட்டால் திறக்க முடியாது

"உள்ளே செய்து வைத்தது வெளியே தெரியவே தெரியாதே, அப்புறம் எதற்கு அவ்வளவு பாடு?" என்று ஒரு நண்பர் கேட்டார். குத்திக் காட்டும் நோக்கம் அவருக்கு இல்லை. நாங்கள் மரத்தில் செய்துகொண்டிருக்கும் மாதிரிக் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். நான் ஏதோ பதில் சொல்லிச் சமாளித்தேன், அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் கேள்வி போகவில்லை. என் பிள்ளைகள் இருவருக்கும் இதே கேள்வியில் பல நாள் சண்டை நடந்து முடிந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

மரத்தில் பாய்மரக் கப்பலின் சிறிய மாதிரி ஒன்று செய்கிறோம் என்று சொன்னாலே எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: பிள்ளைகளுக்குப் பொறுமை வரும். எங்கள் வீட்டில் வரவில்லை. சின்னவன் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அதிகம், எழுந்து ஓடிவிட்டு அரை மணி கழித்துத் திரும்பி வருவான். பெரியவள் அசையாமல் உட்காருவாள், ஆனால் அவள் கப்பலைத் தொடுவதற்கு முன்பே அப்படித்தான். பொறுமையைக் கப்பல் கற்றுக்கொடுக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கப்பல் வேறு எதையோ செய்தது. அதைச் சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.

முதலில் எந்தக் கப்பல் என்ற பேச்சு வந்தது. சின்னவனுக்கு 'விக்டரி' வேண்டும். இங்கிலாந்தின் பழைய போர்க்கப்பல், மூன்று பாய்மரம், 104 பீரங்கி. அதை ஆரம்பித்தால் அவன் கல்லூரிக்குப் போகும்போதுதான் முடியும். பெரியவள் 'பீகிள்' என்றாள். டார்வின் போன கப்பல். 1820இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் நீரில் இறக்கிய சிறிய போர்க்கப்பல் அது, நீளம் ஏறத்தாழ 27.5 மீட்டர். இந்த வகைக் கப்பல்கள் நூற்றுக்கும் மேல் கட்டப்பட்டன. அவற்றில் பல மூழ்கிப்போனதால் மாலுமிகள் இவற்றுக்குச் 'சவப்பெட்டி' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். சவப்பெட்டி என்றதும் சின்னவன் விக்டரியை மறந்துவிட்டான். அவ்வளவு எளிதாக முடிந்த பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடக்கவே இல்லை. நாங்கள் வாங்கிய கிட், அதாவது பாகங்களை வெட்டிக் கொடுக்கும் பெட்டி, 60இல் ஒரு பங்கு அளவு, உடற்பகுதி மட்டும் 46 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

மேலே மேலே மூடுவது

இந்த வகைக் கிட்டில் நடுவே நீளமாக ஒரு பிளைவுட் முதுகெலும்பு இருக்கும். அதில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் குறுக்குச் சட்டங்களைச் செருகி, ஒவ்வொன்றும் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்து ஒட்ட வேண்டும். சட்டங்களின் விளிம்பு லேசரில் வெட்டப்பட்டிருப்பதால் நேராக, தட்டையாக, கருகி இருக்கும். ஆனால் கப்பலின் பக்கம் அணியத்தை, அதாவது முன்மூக்கை, நெருங்க நெருங்க உள்ளே வளைகிறது. பலகை அந்த வளைவில் படிய வேண்டுமானால் ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பையும் அதற்கான சாய்வில் தேய்க்க வேண்டும். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்ப்பது, ஒரு மெல்லிய பலகைக் கீற்றை நாலைந்து சட்டங்களின் மேல் வைத்து வளைத்துப் பார்ப்பது, எங்கே இடைவெளி தெரிகிறதோ அதற்குப் பக்கத்துச் சட்டத்தை இன்னும் கொஞ்சம் தேய்ப்பது, மறுபடி வைத்துப் பார்ப்பது. இந்தக் கட்டத்தில் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் இங்கே விட்ட பள்ளம் கடைசிவரை மேலே தெரியும்.

ஐந்து நிமிடப் பையனுக்கு இந்த வேலை பிடித்துவிட்டது. கீற்றை வளைத்துப் பிடித்து, விளக்குக்கு எதிரே கண்ணைச் சுருக்கி, "தொடுது... தொடுது... தொடலை!" என்று கத்துவான். தொடாத சட்டத்தில் பென்சிலால் கோடு போடுவான். அதற்குப் பக்கத்துச் சட்டங்களைப் பெரியவள் தேய்ப்பாள். தூசு மூக்கில் போகாமல் மூவரும் முகமூடி கட்டிக்கொண்டு, பேசுவதெல்லாம் பாதிதான் கேட்கும். இடது பக்கம் ஒரே வளைவாக வந்த அன்று இருவரும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். கண்ணைவிட விரல் நுனிக்குத்தான் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். அது எனக்கு முன்பே தெரியும், அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

அதன் மேல் முதல் அடுக்குப் பலகை வந்தது. கப்பலின் நடுவயிறு பெருத்தும் மூக்கு சிறுத்தும் இருப்பதால், ஒரே அகலமுள்ள கீற்றுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் மூக்குப் பக்கம் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொரு சட்டத்தையும் காகிதத்தால் சுற்றி அளந்து, கீற்றுகளின் எண்ணிக்கையால் வகுத்து, எங்கே எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று பெரியவள் அட்டவணை போட்டாள். வகுத்தல் கணக்கை அவள் முணுமுணுக்காமல் செய்ததை நான் பார்த்தது அப்போதுதான். கீற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்து, துணி மாட்டும் கிளிப் போட்டுக் காயவிட்டோம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தையே முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் இழுத்து முதுகெலும்பே முறுக்கிக்கொள்ளும்.

முதல் அடுக்கு முடிந்ததும் தேய்த்த சட்டங்கள் கண்ணிலிருந்து மறைந்தன. அதன் மேல் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வால்நட் மரக் கீற்றுகளால் இரண்டாம் அடுக்கு வந்ததும் முதல் அடுக்கும் மறைந்தது. நீர்மட்டத்துக்குக் கீழே வால்நட்டையும் மூடிக்கொண்டு சின்னச் சின்னச் செம்புத் தகடுகள் வந்தன. மரத்தைத் துளைக்கும் கடற்புழு ஏறாமலும் பாசி, சிப்பி ஒட்டாமலும் இருக்க உண்மையான பீகிளுக்கும் அடியில் செம்பு போர்த்தியிருந்தார்கள். தகடு ஒட்டுவது பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருந்தது. ஆனால் பாதியில் பெரியவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நாம நல்லா செஞ்சது எல்லாத்தையும் நாமளே மூடிக்கிட்டே போறோம். கடைசியில யாரு பார்க்கப் போறாங்க?"

நான் உடனே சரித்திரத்துக்குள் புகுந்தேன். 17ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்துக் கடற்படைக்காகச் செய்த மாதிரிகளில் நீர்மட்டத்துக்குக் கீழே பலகையே போடாமல் விலாக்கள் தெரியும்படி விட்டிருப்பார்கள் என்றேன். விக்டரி கப்பலை 1759இல் கட்டத் தொடங்கினார்கள். விலாச் சட்டம் எழும்பிய பிறகு போர் ஓய்ந்துவிட்டதால் அது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அப்படியே வெயில் மழையில் நின்றது. மரம் நன்றாக உலர்ந்து இறுகியதுதான் அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம் என்பார்கள். இதையும் சொன்னேன். திறந்து விடுவதற்கும் மதிப்பு உண்டு என்று காட்டத்தான். "அப்ப நாமளும் ஒரு பக்கம் திறந்து விடலாமே" என்றாள். அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்து மாதிரிகளில் இருந்தவை உண்மையான கப்பலைப் போலவே செய்த விலாக்கள். நம் கிட்டில் இருப்பது பலகையைத் தாங்குவதற்கு மட்டும் வெட்டிக் கொடுத்த கருகிய பிளைவுட். திறந்து வைத்தால் கப்பலின் உள் தெரியாது, கிட் கம்பெனியின் சிக்கனம்தான் தெரியும். அவள் ஒப்புக்கொண்டாள், ஆனால் முகம் ஒப்புக்கொள்ளவில்லை.

பின்னறை

மனக்குறையோடு இருந்தவள்தான் அறையைக் கண்டுபிடித்தாள். பீகிளின் பின்பக்கத்தில், சுக்கான் சக்கரத்துக்குப் பின்னால், மேல்தளத்தின் மீதே ஓர் அறை இருந்தது. கிட்டில் அது வெறும் கூடு: நாலு சுவர், மேலே கூரையாக ஒரு தளம், உள்ளே ஒன்றும் கிடையாது. உண்மையில் டார்வின் 1831 டிசம்பர் முதல் 1836 அக்டோபர் வரை வேலை பார்த்ததும் தூங்கியதும் அங்கேதான். சுமார் மூன்று மீட்டர் சதுரம். நடுவே வரைபட மேசை. சுவரோரம் கப்பலின் நூலகம், ஏறத்தாழ 400 புத்தகங்கள். அந்த இடத்துக்குள் மூன்று பேர்: 22 வயது டார்வின், கடலோர அளவை உதவியாளர் ஸ்டோக்ஸ், பிலிப் கிட்லி கிங் என்ற 14 வயதுப் பையன். போதாததற்குப் பின்பாய்மரம் கூரையைத் துளைத்துக்கொண்டு அறைக்குள்ளே இறங்கி, தரையையும் துளைத்துக்கொண்டு கீழே போகிறது.

பெரியவள் ஒரு மாலை முழுவதும் இதைப் படித்துவிட்டு வந்து அறிவித்தாள்: அறையை உள்ளே நிஜமாகச் செய்யப் போகிறோம். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

எங்கள் அளவில் அறை தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. கூரையின் உயரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் இரண்டரை சென்டிமீட்டர் வருகிறது. டார்வின் கிட்டத்தட்ட ஆறடி, அதாவது மூன்று சென்டிமீட்டர். சின்னவன் அட்டையில் மூன்று சென்டிமீட்டர் ஆள் ஒன்றை வெட்டி அறைக்குள் நிறுத்திப் பார்த்தான். நிற்கவில்லை. தலையைக் குனிய வைத்து மடித்தான். ஐந்து வருடம் குனிந்தே நடந்தாரா என்று அவன் கேட்டது வேடிக்கைக்காக அல்ல. அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் கதவுக்குக் கதவு குனிந்து நடந்தான்.

புத்தகங்கள்தான் பெரிய வேலை. நிஜத்தில் ஒரு சாண் உயரப் புத்தகம் இங்கே நான்கு மில்லிமீட்டருக்குள் வரும். பழுப்புக் காகிதத்தைப் பல மடிப்பாக ஒட்டி, காய்ந்த பிறகு பிளேடால் சீவினால் முதுகு மட்டும் தெரியும் வரிசையாகக் கிடைக்கும். தனித்தனியாக வேண்டாம், வரிசையாக வைத்தால் போதும் என்று நான் சொன்னதை இருவரும் ஏற்கவில்லை. சில புத்தகங்களாவது தனியாக இருக்க வேண்டுமாம், ஏனென்றால் யாராவது எடுத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். சரி. இடுக்கியால் பிடித்து, பல்குத்தும் குச்சி நுனியில் பசை தொட்டு, மூச்சை அடக்கி வைத்தோம். தும்மினால் நூலகம் போய்விடும்.

அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் இழுப்பறை. டார்வின் தூங்கியது தூளிப்படுக்கையில். மேசைக்கு மேலே குறுக்காகக் கட்டினால் அறையின் நீளம் அவருக்குப் போதவில்லை. மூலையில் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள் இருந்தன, அவருடைய துணிமணி எல்லாம் அவற்றில்தான். இரவில் மேல் இழுப்பறையை வெளியே எடுத்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் தூளியின் கால்மாட்டுக் கயிறுகளை விடுவார். உடன் போன அதிகாரி ஒருவர் பின்னாளில் எழுதிவைத்த தகவல் இது. உலகத்தையே சுற்றிய மனிதருக்குக் கால் நீட்ட ஓர் இழுப்பறையைக் கழற்ற வேண்டியிருந்தது. இதைக் கேட்ட சின்னவன் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த இழுப்பறைகளை எடுத்துக்கொண்டான். மேல் இழுப்பறை மட்டும் நிஜமாகவே வெளியே வரும்படி செய்தான். அரிசியைவிடச் சிறிய ஒரு பெட்டி. தூளிக்குத் தையல் துணி தடியாகத் தெரிந்ததால் மெல்லிய காகிதத்தை நனைத்துக் கசக்கி எடுத்தோம். இந்த அளவில் துணியின் நெசவு கயிற்று வலை மாதிரி தெரியும், அதனால்தான் பலரும் மாதிரிக் கப்பலுக்குப் பாயே கட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

கூரை

கூரையை ஒட்டாமல், குட்டிக் காந்தங்கள் பதித்து, வேண்டும்போது தூக்கிப் பார்க்கும்படி செய்யலாம் என்பது என் திட்டம். பெரியவளுக்குப் பெரிய நிம்மதி. செய்தது தெரியப் போகிறது. காந்தம்கூட வாங்கி வைத்தாகிவிட்டது. பாய்மரங்களைப் பசையில்லாமல் நிறுத்திப் பார்த்தபோதுதான் பின்பாய்மரம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அது கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் கயிறுகள் இறங்கிக் கப்பலின் விலாவில் இறுகக் கட்டப்படும். கட்டியபின் மரத்தை உருவ முடியாது. மரத்தை உருவாமல் கூரை வராது.

வழி தேடினோம். மரத்தைக் கூரை மட்டத்தில் இரண்டாக வெட்டி, மேல்துண்டைக் கூரையின் மேல் நிறுத்தினால்? கயிறுகள் கீழ்நோக்கி இழுக்கும் இழுப்பில் அந்தத் துண்டே கூரையை அழுத்திப் பூட்டிவிடும். பின்பாய்மரத்துக்கு மட்டும் கயிறு கட்டாமல் விட்டால்? அப்புறம் அது நட்டுவைத்த குச்சி. பக்கச் சுவரில் ஜன்னல் வெட்டினால்? உண்மையில் அங்கே அப்படி ஒரு திறப்பு இல்லை என்று பெரியவளே மறுத்தாள். கதவைத் திறந்தபடி ஒட்டி, டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்றாள். செய்து பார்த்தோம். மேசையின் ஒரு மூலையும் பாய்மரத்தின் ஒரு கோடும் தெரிந்தன. மற்றதெல்லாம் இருட்டு.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பெரியவள் கட்சி தெளிவானது: பின்பாய்மரத்தை விட்டுவிடுவோம், அறை தெரிய வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு நாள் செய்ததற்கு அர்த்தமே இல்லை. நானும் மனதுக்குள் அவள் பக்கம்தான். பார்க்க வருகிறவர்களிடம் கூரையைத் தூக்கிக் காட்டும் தருணத்தை ஏற்கெனவே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடலாம். சின்னவன் அதுவரை பேசவில்லை. கடைசியில், இது கூடவா தெரியாது என்ற தொனியில் சொன்னான்: "கூரை இல்லாட்டி மழை பெய்யும்ல. புத்தகமெல்லாம் நனைஞ்சிரும். அவங்க எங்க தூங்குவாங்க?"

"அது பொம்மைடா" என்றாள் அக்கா. "தெரியும்" என்றான்.

அந்தத் 'தெரியும்' என்னை நிறுத்திவிட்டது. அவனுக்குப் பொம்மைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இல்லை. அறையை நானும் பெரியவளும் பார்க்க வருகிறவர்களை நினைத்துச் செய்துகொண்டிருந்தோம், அவன் உள்ளே இருக்கிறவர்களை நினைத்துச் செய்துகொண்டிருந்தான். அவன் கணக்கில் வேலை எங்கும் வீணாகவில்லை. இழுப்பறை டார்வினுக்கு, புத்தகம் படிக்கிறவருக்கு, கூரை எல்லோருக்கும். பார்வையாளர் என்ற ஆள் அந்தக் கணக்கிலேயே இல்லை. மாதிரிக் கப்பல் செய்பவர்களிடம் இப்படி ஒரு பிரிவு உண்டு. வெளியிலிருந்து தெரிகிற அளவுக்குச் செய்தால் போதும் என்பவர்கள் ஒரு பக்கம், கீழ்த்தளத்துப் பீரங்கிக்கும் முழு வண்டி செய்து உள்ளே வைத்து மூடுபவர்கள் ஒரு பக்கம். இரண்டாமவர்களை நான் கொஞ்சம் பைத்தியம் பிடித்தவர்கள் என்றே நினைத்து வந்திருக்கிறேன். இப்போதும் முழுதாக மனம் மாறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன், வண்டியில்லாத பீரங்கிக் குழாயைச் சுவரில் செருகிவிட்டுப் போவதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆனால் அவர்கள் யாருக்காகச் செய்கிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இருந்தது, இப்போது ஓரளவு புரிகிறது.

பெரியவளை வழிக்குக் கொண்டுவந்தது தம்பியின் மழை அல்ல. அந்தப் பின்னறை எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதற்கு ஒரு முக்கியக் காரணம், டார்வினோடு அங்கே தூங்கிய அந்த 14 வயதுப் பையன் கிங். முதுமையில் அவர் நினைவிலிருந்து கப்பலின் உள்ளமைப்பை வரைந்தார். அறை அப்போது இல்லை. பீகிள் கரையோரக் காவல் வேலைக்கு ஒதுக்கப்பட்டு, பெயர் போய் எண் வந்து, 1870இல் உடைப்பதற்காக விற்கப்பட்டிருந்தது. இதைப் படித்துவிட்டு வந்தவள், "அப்ப நான் படம் வரைஞ்சிக்கறேன். அப்புறம் மூடிக்கலாம்" என்றாள். போட்டோ எடுத்தால் போதாதா என்றேன். எடுத்தோம், நிறைய எடுத்தோம். மேலிருந்து எடுத்ததில் எல்லாம் பாய்மரத்தின் நிழல் மேசை மேல் விழுந்தது, மூலை இழுப்பறைகளுக்குள் லென்ஸ் எட்டவே இல்லை. அவள் சதுரக் கட்டத் தாளில் அளவுபோட்டு, மேலிருந்து ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் வரைந்தாள். புத்தக வரிசைகளை எண்ணி எழுதினாள்.

கூரையை ஒட்டியது சின்னவன். மரப்பசையைப் பூசிவிட்டு, யாரும் சொல்லாமலே, உள்ளே கையை விட்டு எதையோ செய்துவிட்டு, "சரி, போடு" என்றான். அன்று இரவு முழுக்க ரப்பர் வளையங்கள் மாட்டி அழுத்திவைத்தோம்.

இப்போது கயிற்று வேலை நடக்கிறது. நூலைத் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்கி, பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகளுக்கு அடர்ந்த நிறமும், இழுத்து இயக்கும் கயிறுகளுக்கு வெளிர் நிறமும் கொடுக்க வேண்டும். முன்னவற்றுக்குத் தார் பூசுவார்கள் என்பதால் இந்த வேறுபாடு. கயிற்று ஏணிகளின் படிகள் ஆறு ஆறு மில்லிமீட்டர் இடைவெளியில் வர வேண்டும், ஒவ்வொரு படியிலும் முடிச்சுக்கு மேல் முடிச்சு. பின்னால் கோடுபோட்ட அட்டையை வைத்துக்கொண்டு பெரியவள் கட்டுகிறாள். சின்னவன் ஓடிப்போய் ஓடிப்போய் வருகிறான்.

சண்டை மட்டும் ஓயவில்லை. பெரியவளின் படத்தில் மேல் இழுப்பறை மூடியிருக்கிறது, ஏனென்றால் அவள் வரைந்தபோது மூடியிருந்தது. அது தப்பு என்கிறான் தம்பி. கூரை போடுவதற்கு முன்னால் இழுப்பறையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டானாம், டார்வினுக்குக் கால் நீட்ட வேண்டுமே. அப்படியானால் படத்தைத் திருத்து என்கிறான். பார்க்காமல் திருத்த முடியாது என்கிறாள் அவள். பார்க்க வழியில்லை. கப்பலை மெல்லச் சாய்த்தால் உள்ளே எதுவோ உருளும் சத்தம் கேட்கிறது. அது ஒட்டாமல் போன புத்தகம் என்கிறாள் அக்கா, இழுப்பறைதான் என்கிறான் அவன். இருவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டு வந்தார்கள். கயிறு கட்டும்போது யாரும் கப்பலைச் சாய்க்கக் கூடாது என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.